முன் சீட்டில் உட்கார்ந்தவர்

கர்ப்பிணிப் பெண்ணைப் பின்தொடர்வது போன்ற கேடுகெட்ட உத்தியோகம் வேறு கிடையாது. திருடன் என்றால் ஓடுவான், நாமும் ஓடலாம், அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. இவள் நாலடி நடக்கிறாள், நிற்கிறாள், இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்குகிறாள். நானும் நிற்க வேண்டும். சும்மா நிற்க முடியாது, எதையாவது பார்ப்பதுபோல் நடிக்க வேண்டும். அன்று காலை ஒரு பூட்டுக்கடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, இழுத்து மூடிய ஒரு ஷட்டர் எல்லாவற்றையும் உலக அதிசயம் மாதிரி வாயைப் பிளந்து பார்த்து முடித்திருந்தேன்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். நான் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். கம்பம் என்னைவிட ஒல்லி.

"இப்படி வந்து உக்காருங்க," என்றாள் என்னைப் பார்த்து. "ரொம்ப தூரம் நடந்து வந்தீங்க போல. முகமே வாடிப் போச்சு."

வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். எனக்கு வாய் நீளம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வாய் தண்ணீர் குடிக்க மட்டும்தான் திறந்தது. அவளுடைய பஸ் வந்தது. கைப்பிடியைப் பற்றி ஏறி, திரும்பிப் பார்த்து என்னிடம் சிரித்துவிட்டுப் போனாள். நான் ஏறவில்லை. போனை எடுத்தேன்.

"சார், இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"ஏன் வாலு? உன்னைப் பாத்துட்டாளா?"

"பாத்தாங்க. தண்ணி குடுத்தாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் துப்பறியும் தொழிலில் என் முதலாளிக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். யோசிக்கும்போது மூக்கை உறிஞ்சுவார், அது ஒரு காரணம். நாற்றம் அடிக்கிற விஷயத்தைத் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்துவிடுவார், அது இன்னொரு காரணம். இந்தக் கேஸ் எங்கள் கதவைத் தட்டிய அன்று மட்டும் அவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்க வேண்டும்.

வந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி. நல்ல சட்டை, நல்ல ஷூ. சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"சுருக்கமா சொல்லிடறேன் சார். எங்க ஸ்கூல்ல கார் கத்துக்க வந்த பொண்ணு. ஒரு பல் டாக்டர் கிளினிக்ல வரவேற்புல உக்காந்திருந்தா. பழகினோம், இல்லன்னு சொல்லல. இப்ப வயித்தைக் காட்டி, நீதான் அப்பன்னு கேஸ் போட்டுட்டா. செக்கப்பு, ஸ்கேனு, பிரசவம், அவ வேலைக்குப் போக முடியாத மாசங்கள், அப்புறம் குழந்தை ஆளாகற வரைக்கும் மாசாமாசம். எல்லாம் நான் தரணுமாம். எங்களுக்குக் கல்யாணமே ஆகல சார்."

"கல்யாணம் ஆகலைன்னா சட்டம் உங்களை விட்டுடும்னு யாரு சொன்னாங்க?" என்றார் மூக்கு சார்.

"ஆக்ஸிலேட்டரை மிதிச்சது நான்தான், வண்டி ஓடினதுக்கு நான் பொறுப்பு இல்லங்கற மாதிரி இருக்கு," என்றேன் நான்.

சாவிக்கொத்து நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணை வெளியே அனுப்பினால்தான் மிச்சத்தைச் சொல்வேன் என்று இருந்தது. மூக்கு சார் அனுப்பவில்லை.

"இன்னொருத்தன் இருக்கான் சார். அவ வீட்டுக்கு எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்குத் தெரிஞ்சவர், அவர்தான் சொன்னாரு. தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒருத்தன் அடிக்கடி அவ வீட்டுக்கு வர்றானாம். பழம், மருந்து, சாமான்னு கை நிறைய வாங்கிட்டு வர்றான். தண்ணிக் குழாய் கெட்டுப் போச்சுன்னா அவனே ரிப்பேர் பண்றானாம். மூஞ்சியை மூடிக்கிட்டு வர்றவன் யோக்கியனா இருப்பானா? செலவு பண்றவன் எவனோ அவன்தான் அப்பன். எனக்கு அவன் போட்டோ வேணும்."

"குழந்தை பொறந்ததும் டெஸ்ட் எடுத்தா யாருதுன்னு தெரிஞ்சுடுமே?"

"அது வரைக்கும் கேஸ் போகக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன். திங்கக்கிழமை குடும்பக் கோர்ட்ல விசாரணை. அதுக்கு முன்னாடி போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு, இதை எல்லார் முன்னாடியும் காட்டுவேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். வெக்கத்துல கேஸை வாபஸ் வாங்கிட்டுப் போயிடுவா. அவ வீட்டுலயும் அவளைச் சேத்துக்கல, கேக்க ஆள் கிடையாது. எங்க ஸ்கூலு பேரு பெரிய பேரு சார், அதுல கறை படக் கூடாது."

அவர் போனபின் நான் மேஜை மேல் கையை ஊன்றி நின்றேன்.

"சார், இது நமக்கு வேணுமா?"

"ஆபீஸ் வாடகை குடுக்கணும் வாலு," என்றார் மூக்கு சார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கு மேல் நானும் பேசவில்லை. என் சம்பளமும் அந்த வாடகைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னதும், நான் வாயை மூடிக்கொண்டதும் இரண்டுமே அசிங்கமாக இருந்தன.

வேறு ஆள் இல்லை என்று மூக்கு சார் சொல்லிவிட்டதால், தண்ணீர் குடித்த அன்றைய மத்தியானம் நான் அவள் வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றேன். சந்தேகம் வராமல் இருக்க என் நூலக அட்டையைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "அத்தனை லைப்ரரிலயும் சேரப் போறீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தார்.

மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் ஒவ்வொரு படியாக இறங்க, அவர் ஒரு படி கீழே நின்று, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். ஆனால் அவளைத் தொடவில்லை. பின் சீட்டில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் போனில் விழுந்தது அவருடைய முதுகு மட்டும்தான்.

மூக்கு சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முதுகு."

"கழுத்துல நரைமுடி தெரியுது பாருங்க. அந்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஏதோ வாட்டசாட்டமான வில்லன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். இவரைப் பாத்தா வில்லனோட சித்தப்பா மாதிரி இருக்கு."

"காதலன் பின் சீட்ல பக்கத்துல உக்காருவான் வாலு. இவர் ஏன் முன்னாடி ஏறினாரு?"

"சண்டையா இருக்கும்."

"சண்டை போட்டவன் தலையணை குடுக்க மாட்டான். கார் நம்பரை எடுத்தியா?"

நம்பரை எடுத்திருந்தேன். வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் அந்த டிரைவர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்க் போட்ட ஆளைப் பற்றிக் கேட்டதும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். ரொம்ப நாளாக யாரிடமாவது புலம்பக் காத்திருந்தவர் போலிருந்தது.

"அந்தப் பெரியவரா? தங்கமான மனுஷன்தான். ஆனா அவர் ஏறினா எனக்கு வண்டி ஓட்ட வராது சார். நான் இத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது. அவர் பக்கத்துல உக்காந்தா புதுசா ஓட்டற மாதிரி கை நடுங்குது."

"என்ன பண்ணுவாரு?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே, கண்ணாடி சரியா வெச்சிருக்கீங்களான்னு கேப்பாரு. திருப்பம் வந்தா எனக்கு முன்னாடி அவர் தலை திரும்பும். யாராவது குறுக்க வந்தா அவர் கை ஸ்டியரிங் பக்கம் வந்துட்டு, அப்புறம் சட்டுனு பின்னால போயிடும். காலு வேற சும்மா இருக்காது. தரையை மிதி மிதின்னு மிதிப்பாரு. என் வண்டியில அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல பெரியவரேன்னு ஒருநாள் சொல்லியே புட்டேன். பழக்கம், மன்னிச்சுடுங்க தம்பின்னாரு."

"பயந்தாங்கொள்ளி சார்," என்றேன் நான். "எங்க மாமா இப்படித்தான். டிவியில கார் போனாலே தரையை மிதிப்பாரு."

மூக்கு சார் மூக்கை உறிஞ்சினார். "எந்தக் காலு?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"என்ன?"

"தரையை மிதிக்கிறாருன்னு சொன்னீங்களே. ஒரு காலா, ரெண்டு காலா?"

டிரைவர் யோசித்தார். பிறகு தன் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தரையில் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டும்தான். நான் பிரேக் அடிக்கும்போது வலது காலு. கியர் மாத்தும்போது இடது காலு. இப்ப நீங்க கேட்டதும்தான் தோணுது, கியர் மாத்த நான் நினைக்கும்போதே அவர் காலு இறங்கிடும்."

"நாளைக்கு வருவாரா?"

"ஆமா. அந்தப் பொண்ணுக்கு ஸ்கேனாம். காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லியிருக்காரு."

திரும்பி நடக்கும்போது மூக்கு சார் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பயப்படறவன் பிரேக்கைத்தான் மிதிப்பான். கிளச்சை எதுக்கு மிதிக்கிறான்?"

எனக்கும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளச்சு இருக்கும். வாழ்நாள் முழுக்க அந்த சீட்டில் உட்கார்ந்த ஆளுக்குக் கால் சும்மா இருக்காது.

"அப்ப அந்த ஸ்கூல் முதலாளிகிட்ட வேலை பாக்கிற வாத்தியாரே அவருக்கு ஆப்பு வெச்சிருக்கான்," என்றேன்.

"அங்க இருக்கறது ரெண்டு வாத்தியார். ஒண்ணு ஒரு அம்மா. இன்னொண்ணுக்கு இப்பத்தான் மீசை முளைக்குது."

"அப்ப போட்டி ஸ்கூல்காரன்."

"போட்டிக்காரன் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவான். இவர் ஏன் முகத்தை மூடிக்கிறாரு? யாருக்கு முகத்தை மூடணும்? ஊருக்கே தெரிஞ்ச முகமா இருந்தாத்தானே மூடணும். தெருவுல போறவன்ல பாதிப்பேரு அவர்கிட்ட கார் கத்துக்கிட்டவனா இருந்தா?"

  மூக்கு சார் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே, நீளப் பெஞ்சின் கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய கைப்பை. ஆண்கள் பெண்களின் கைப்பையை வைத்துக்கொள்ளும்போது வரும் அந்த அசட்டுத்தனம் அவரிடம் இல்லை, பத்திரமாகப் பிடித்திருந்தார். மூக்கு சார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"ஐயா, எனக்கு இந்த வயசுல கார் ஓட்டக் கத்துக்க முடியுமா?"

"வயசு ஒண்ணும் இல்ல. பயம் போயிட்டா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி மூக்கு சாரைப் பார்த்தார்.

"உங்க பையன்தான் எங்களை அனுப்பினாரு," என்றார் மூக்கு சார்.

பெரியவர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். எங்கள் ஆபீசில் சாவி சுற்றிய அதே முகம், முப்பது வருஷம் கழித்து.  முந்தின நாள் இந்த மனிதரைத்தான் வில்லனோட சித்தப்பா என்று சொல்லிச் சிரித்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"நீங்கன்னு தெரியாது. எவனோ ஒருத்தன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

"ஒருநாள் இந்தப் பொண்ணு ஸ்கூல் வாசல்ல வந்து நின்னு அவனைக் கேட்டா," என்றார் பெரியவர், மடியில் இருந்த பையைப் பார்த்தபடி. "அவன் உள்ள இருந்துக்கிட்டே, இல்லன்னு சொல்லச் சொன்னான். நான் அன்னிக்கு ஷெட்ல பழைய வண்டியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. வெளிய வரக் கால் வரல சார். அவ அழுதுக்கிட்டே போனா. மறுநாள் வீட்டைத் தேடிப் போயி, உதவி பண்ற சங்கத்துல இருந்து வரேன்னு பொய் சொன்னேன். அதுல இருந்து போயிட்டு வரேன்."

"பையனைக் கேக்கலியா?"

"பக்கத்துல உக்காந்து ஓட்டறவன் தப்புப் பண்ணினா அடுத்த நிமிஷம் சொல்லிடுவேன். யாரா இருந்தாலும் சொல்லுவேன். பெத்த பிள்ளைகிட்ட வாய் வரல. அவன் செஞ்சதுக்கு ஒரு வெக்கம். அதைக் கேக்காம நான் சாப்பிட்டுத் தூங்கறேனே, அதுக்கு ஒரு வெக்கம்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா செலவை நான் பாத்துக்கறேனே சார். அவன் தரவேண்டியது தீருதில்ல?"

"தீரலீங்க," என்றார் மூக்கு சார். "பிரசவச் செலவும் பிள்ளைச் செலவும் அப்பன் பொறுப்பு. தாத்தா ஆசைப்பட்டுக் குடுக்கலாம், அது வேற. நீங்க அவர் பொறுப்பைத் தீர்க்கல, மறைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது மட்டும் இல்ல." போனை எடுத்து, நான் எடுத்த படத்தைக் காட்டினார். "திங்கக்கிழமை இதைக் காட்டி, செலவு பண்றவன் இவன், அதனால அப்பனும் இவன்தான்னு சொல்லப் போறாரு. இவளை அவமானப்படுத்திக் கேஸை வாபஸ் வாங்க வைக்கப் போறாரு."

பெரியவர் தன் முதுகைத் தானே பார்த்தார். உற்றுப் பார்த்தார். அது யார் என்று புரிந்ததும் போனைத் தள்ளிவிட்டார்.

"என்னை வெச்சா?" என்றார். "நான் வாங்கிக் குடுத்த பழத்தை வெச்சா அந்தப் பொண்ணை..."

முடிக்கவில்லை. ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, குழந்தை நல்லா இருக்காம். தலை கீழ திரும்பிடுச்சாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க நேத்து பஸ் ஸ்டாப்ல..."

"ஆமாங்க," என்றேன். "உங்களைத்தான் வேவு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். தரையை நன்றாகத் துடைத்திருந்தார்கள். அவள் சிரிப்பு போன விதத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பெரியவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைப்பையை அவளிடம் நீட்டினார்.

"அம்மா, நான் எந்தச் சங்கத்துல இருந்தும் வரல. நான் அவனோட அப்பா."

அவள் பையை வாங்கவில்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல் போயின.

"உங்க வீட்டுச் சாப்பாட்டையா இத்தனை நாளா சாப்பிட்டேன்?" என்றாள்.

விறுவிறுவென்று திரும்பிப் போகத்தான் நினைத்திருப்பாள். அந்த உடம்போடு முடியவில்லை. சுவர்வரை போய் நின்றாள், மூச்சு வாங்கினாள், திரும்பி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார வேண்டியதாயிற்று. மூக்கு சார் எல்லாவற்றையும் சொன்னார், படத்தையும் திங்கட்கிழமையையும் சேர்த்து. எதையும் பூசி மெழுகவில்லை. தான் வாடகைக்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டதையும் சொன்னார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் குரல் அவ்வளவு இறங்கிக் கேட்டதில்லை.

அவள் பெரியவரைப் பார்த்தாள்.

"கோர்ட்டுக்கு வந்து சொல்லுவீங்களா?"

"அவன் என் பிள்ளைம்மா."

"அது தெரியுது. இது உங்க பேரப்பிள்ளை. அதையும் சொல்லுவீங்களான்னுதான் கேக்கறேன். எனக்குப் பழம் எல்லாம் வேண்டாம். நான் பொய் சொல்லலைன்னு ஒருத்தராவது சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் கேஸை விட்டுடறேன், என்னால அங்க நின்னு அந்தப் பேச்செல்லாம் கேக்க முடியாது."

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்ல அவன்கிட்ட பேசிட்டு வரேன்," என்றார். "அவனே ஒத்துக்கிட்டா நல்லது. ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாக்கறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் தாங்கலாமா என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"நீங்க உக்காருங்க," என்றாள் என்னிடம். "உங்க வேலைதான் முடிஞ்சுதே."

டிரைவிங் ஸ்கூலில் கண்ணாடி போட்ட சின்ன அறை முதலாளியுடையது. சுவரில் சாலை விதிகளின் படம். வெளியே முற்றத்தில் யாரோ ஒரு மாணவி வண்டியை நகர்த்துவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பெரியவரைப் பக்கத்து ஷெட்டில் நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். மூக்கு சார் படத்தை மேஜைமேல் வைத்தார்.

"முதுகு மட்டும்தானா?" என்றார் முதலாளி.

"ஆளைத் தெரியுதான்னு பாருங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? எவனோ பொறுக்கி. பாருங்க சார், தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறதுலயே தெரியல? இவன்தான் அந்தக் குழந்தைக்கு அப்பன். வெக்கம் கெட்ட ஜென்மம். இவனையும் ஒருத்தர் பெத்து வளத்திருக்காங்களே, அவங்களைச் சொல்லணும்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மூக்கு சார் என்னைப் பார்த்தார். அடக்கிக்கொண்டேன்.

"முகமும் வேணும்னு கேட்டீங்க. ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்." அவர் கதவைத் திறந்து ஷெட் பக்கம் பார்த்தார். "உள்ள வாங்க ஐயா."

பெரியவர் வந்தார். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அப்பா? முட்டி வலியோட எதுக்கு இங்க வந்தீங்க? கொஞ்சம் வெளிய இருங்கப்பா, முக்கியமான ஒரு ஆளு உள்ள வரணும்."

சொல்லிவிட்டு அப்பாவின் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. கழுத்தை நீட்டி இன்னொரு தரம் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் அவர் பார்வை மேஜைமேல் இருந்த படத்துக்குப் போய், அதிலிருந்து அப்பாவின் தோளுக்குப் போய், கையில் கசங்கிக் கிடந்த தொப்பிக்குப் போனது. முகம் வெளிறிவிட்டது.

"யாராவது பாத்தாங்களா?" என்றான்.

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அதற்குமேல் அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு மனசில்லை.

"யாரும் பாக்கல," என்றார் பெரியவர். "பாக்கக் கூடாதுன்னுதான் முகத்தை மூடிக்கிட்டுப் போனேன்."

"நல்லவேளை." பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். உண்மையிலேயே கொஞ்சம் சிரித்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. சரி, இதுவும் நல்லதுக்குத்தான். நீங்களே அப்படியே பாத்துக்குங்க. ஆகற செலவை நான் உங்க கையில குடுத்துடறேன். வெளிய எதுவும் தெரிய வேண்டாம், கேஸ் மட்டும் இல்லாம போனா சரி."

மூக்கு சார் ஒரு கவரை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தார். "உங்க அட்வான்ஸ்," என்றார். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பணம் கேட்டு வரலடா," என்றார் பெரியவர். "நீயே போய், ஆமா, என் பிள்ளைதான்னு சொல்லிடு. நீ சொல்லிட்டா நான் கோர்ட்ல ஏறிச் சொல்ல வேண்டியதில்ல. அங்க நின்னு என் பிள்ளையைப் பத்தி என் வாயால சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அவன் மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து விரலில் மாட்டினான்.

"சரி, அது அப்புறம் இருக்கட்டும். காலையில அந்தப் பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாங்க. அவ எப்படி இருக்கான்னாவது கேளுடா."

அந்த மனிதர் கெஞ்சினார். ஊரில் பாதிப்பேருக்கு அதட்டி அதட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஒரு கேள்விக்காகத் தன் பிள்ளையிடம் கெஞ்சினார். எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது. கேட்டுவிடு, கேட்டுத் தொலை என்று நான் மனசுக்குள் அவனுக்காக வேண்டிக்கொண்டேன். வெளியே மாணவியின் வண்டி குலுங்கி நின்றது. அவன் உதட்டை நக்கிக்கொண்டான். அப்பாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"நீங்க யாருன்னு அவ வக்கீலுக்குத் தெரியுமாப்பா?" என்றான்.

பெரியவர் அவனைப் பார்த்தபடியே நின்றார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"இன்னும் தெரியாது," என்றார். பிறகு மூக்கு சார் பக்கம் திரும்பினார். "இப்பப் போனா வக்கீலம்மா ஆபீஸ்ல இருப்பாங்களா சார்?"

"இருப்பாங்க. நானும் வரேன்."

"அப்பா, என் மானம் போயிடும்ப்பா," என்றான் அவன். இப்போதுதான் குரல் உடைந்தது.

"எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு," என்றார் பெரியவர். "வா, ரெண்டு பேரும் சேந்தே வெக்கப்படுவோம்."

கையை நீட்டினார். அந்தக் கை மேஜைக்கு மேலே நின்றது. அவன் அதைப் பார்த்தான், கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவர்களைப் பார்த்தான், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். பெரியவர் வாசலில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் வலிக்கும் முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு படியிறங்கினார்.